பியானோவுக்கு எழுதிய ஏழு தாமரைகள்

அருப்புக்கோட்டை வெயிலுக்கும் பியானோவுக்கும் ஒத்துவராது. எங்கள் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்து ஹாலில், எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்த பழைய பியானோ ஒன்று இருந்தது. மாசி பிறந்ததும் அதன் மரம் சுருங்கிச் சுதி இறங்கிவிடும். சுதி சேர்க்கிற ஆள் மதுரையில் ஒருவர் இருந்தார். அவர் வருகிறேன் வருகிறேன் என்று கடிதம் போடுவாரே தவிர வந்து நான் பார்த்ததில்லை. அதனால் பியானோவின் அடியில் இரண்டு மண்சட்டியில் தண்ணீர் வைத்து, சுற்றிலும் கொஞ்சம் ஈரம் இருக்கட்டும் என்று பார்த்துக்கொள்வேன். பசுமாட்டைக்கூட இப்படிக் கவனிக்க மாட்டாள் என்று வீட்டில் கேலி செய்வார்கள். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர்.

படித்ததும் அங்கேதான். கடல் கடந்து வந்திருந்த ஒரு அம்மையார் எனக்கு நாலு வருடம் வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டார். ஐந்து கோட்டில் புள்ளி வைத்து எழுதியிருப்பதைப் படிப்பது எனக்குக் கடைசிவரை தகராறுதான். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், விரல் தானாகப் போய்ப் பியானோவில் அந்தச் சுரத்தின் கட்டையில் நிற்கும். காது ஒன்றுதான் என் சொத்து என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எங்களுடையது நெசவாளர் குடும்பம். வீட்டுக்குள் கன்னடம், வாசற்படி தாண்டினால் தமிழ். இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டாள். அப்பா கைத்தறிச் சேலைகளுக்குக் கரையும் முந்தியும் டிசைன் எழுதிக்கொண்டிருந்தவர். பவர்லூம் வந்த பிறகு அவரும் ஒரு தறி செட்டில், விசைத்தறிக் கொட்டகையில், மேஸ்திரியாகச் சேர்ந்துவிட்டார்.

அறுபதுகளின் கடைசியில் எனக்கு இருபத்துமூன்று வயது. ஒருநாள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது இருமல் வந்து, கைக்குட்டையை எடுத்துப் பார்த்தால் ரத்தம். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் டி.பி. என்றார். அப்பா நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்துகொண்டார்.

"பயப்படாதீங்க. முன்ன மாதிரி இல்ல, இப்ப மருந்து இருக்கு" என்றார் டாக்டர். என் பக்கம் திரும்பி, "மாத்திரையும் சாப்பிடணும், தெனமும் ஊசியும் போட்டுக்கிடணும். இந்த ஊசி நல்ல ஊசி, ஆனா சில பேருக்குக் காதைத் தொடும். தலை சுத்துனாலோ காதுல இரைச்சல் கேட்டாலோ ஒருநாள்கூடத் தள்ளிப்போடாம எங்கிட்ட வந்து சொல்லணும். சொல்லுவீங்கள்ல டீச்சரம்மா?"

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். அவர் தெளிவாகத்தான் சொன்னார். எனக்கும் தெளிவாகத்தான் புரிந்தது. இதை முதலிலேயே எழுதிவைத்துவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு டாக்டரைக் குறை சொல்ல வழியே கிடையாது.

எனக்கு நடந்துகொண்டிருந்த கல்யாணப் பேச்சு அப்படியே நின்றது. தெருவில் விஷயம் பரவுவதற்குள் என்னைத் திருச்சுழியில் என் அக்காள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசி போட அங்கே ஒரு கம்பவுண்டர் இருந்தார். சனிக்கிழமை மட்டும் பஸ் ஏறி அருப்புக்கோட்டை வந்து டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும்.

அக்காள் வீட்டுக்காரர், எங்கள் அத்தான், திருச்சுழியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். தங்கமான மனிதர். நான் இருமினாலும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார், தள்ளி உட்காரச் சொன்னால் கோபித்துக்கொள்வார். அவருக்கு யோகாசனப் பைத்தியம் பிடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதிகாலையில் பத்மாசனம் போட்டு உட்காருவார். உட்காருவதுதான் அவர் வேலை. எழுப்பிவிடுவது அக்காள் வேலை. முட்டி மடங்கியது மடங்கினபடி நிற்கும், அவள் அடுப்பை விட்டுவிட்டு வந்து காலைப் பிரித்துவிடுவாள்.

எனக்கு ஒழித்துக் கொடுத்த அவருடைய ஆசன அறையில் ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. சம்மணமிட்ட ஒரு மனிதர், அவர் முதுகுத்தண்டில் அடியிலிருந்து உச்சிவரை ஏழு சக்கரங்கள், ஏழு தாமரைகளாக. கீழே மூலாதாரத்துக்கு நாலு இதழ். அதற்கு மேல் ஆறு, பத்து, பன்னிரண்டு, பதினாறு. புருவ மத்தியில் இரண்டே இதழ். உச்சந்தலையில் ஆயிரம். படுக்கையிலிருந்து பார்த்தால் அந்தப் படம்தான் தெரியும். பகல் முழுக்க வேறு வேலை இல்லாததால் இதழ்களை எண்ணிக்கொண்டு கிடப்பேன். எனக்கு அதில் பக்தியெல்லாம் வரவில்லை. டிசைன் எழுதுகிறவர் வீட்டுப் பெண்ணுக்கு எண்ணிக்கை தெரிந்தால் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

நாலு, ஆறு, பத்து என்று கட்டிலில் விரலால் தட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் சட்டென்று தோன்றியது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பியானோவில் கட்டைகளைக் கீழிருந்து மேலே எண்ணினால் ஏழு ஸ்தாயி. ஏழு ஸ்தாயிக்கு ஏழு தாமரை. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நோய் வந்த பிறகு நான் சந்தோஷமாக இருந்த முதல் நாள் அதுதான்.

அந்தச் சனிக்கிழமையே தலைமை ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன். வாசலிலேயே நின்று, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பியானோவைத் தொட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். என்னத்தை வாசிக்கப் போகிறேன் என்பதையும் மறைக்கவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சனிக்கிழமை மத்தியானம் ஸ்கூல்ல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. நானும் விருதுநகருக்குப் போயிருவேன். ஜன்னலையெல்லாம் தொறந்து வச்சுக்குங்க டீச்சர். தாமரையோ என்னமோ, எனக்குத் தெரியாம பாத்துக்குங்க" என்று சாவியைத் தந்தார். சிரித்துக்கொண்டேதான் தந்தார்.

அப்பாவிடம் மீந்திருந்த டிசைன் கட்டத்தாள்களை வாங்கிக்கொண்டேன். கரை டிசைன் எழுதுகிற தாளில் குறுக்கே இருக்கிற கட்டங்கள் பாவு இழை, தறியில் நீளமாக ஏற்றிய நூல். மேலே போகிற வரிசைகள் ஊடை, பாவுக்குக் குறுக்கே பாய்கிற நூல். நான் பாவு இழைக்குப் பதிலாகப் பியானோவின் கட்டைகளை வைத்தேன். ஒரு வரிசை ஒரு தாளம். எந்தக் கட்டை எப்போது ஒலிக்க வேண்டுமோ அந்தக் கட்டத்தைப் பென்சிலால் நிரப்புவேன். புள்ளி வைத்த ஐந்து கோட்டைக் காட்டிலும் இது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. துணி நெய்யும்போது கீழிருந்துதான் வளரும் என்பதால் எங்கள் வீட்டில் டிசைனைக் கீழ் வரிசையிலிருந்து எழுதி மேலே போவார்கள். மேலிருந்து தொடங்குகிறவனைக் கிறுக்கன் என்பார்கள். சக்கரங்களும் கீழிருந்துதான். ஆக மூலாதாரத்தில் தொடங்கி வாரம் ஒன்றாக, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஏறிப் போவது என்று முடிவு செய்தேன். வேறு விதமாகத் தொடங்கலாம் என்று என் புத்திக்கு எட்டவேயில்லை.

மூலாதாரம் மண் என்று அத்தான் சொன்னார். பியானோவின் அடிக்கட்டைகளில் நாலு நாலாகப் போட்டேன். கனமாக, நகராமல், மழைக்குக் காத்துக் கிடக்கிற கரிசல் மாதிரி இருந்தது. இரண்டாவது தண்ணீர். தண்ணீருக்கு எங்கே போவது? அக்காள் தெருவில் அடிகுழாயை அடிக்கிற தாளத்தை ஆறாகப் பிரித்து எழுதினேன். நாலு அடிக்குத் தண்ணீர் வரும், இரண்டு அடிக்குக் காற்றுதான் வரும். மூன்றாவது வயிற்றில் இருக்கிற நெருப்பு. தினமும் கைநிறைய மாத்திரை விழுங்கி வயிறு எரிந்துகொண்டிருந்ததால் அது சீக்கிரமாகவே வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் வாரம் முழுக்கத் திருச்சுழியில் எழுதி, சனிக்கிழமை அந்த ஹாலில் வாசித்துப் பார்த்து, கேட்டு, ரப்பரால் அழித்துத் திருத்துவேன். தாளில் சரியாக இருப்பது காதுக்குச் சரியாக இருக்காது. கேட்டால்தான் தெரியும்.

நாலாவது அநாகதம், நெஞ்சுத் தாமரை. என் நோய் இருக்கிற இடம். பன்னிரண்டு தாளம் எழுதி, நடுவில் இருமல் வந்தால் நிறுத்திக்கொள்ள இடம் விட்டேன். அநாகதம் என்றால் எதன்மேலும் எதுவும் மோதாமல் பிறக்கிற ஒலி என்று அத்தான் விளக்கினார். பியானோ என்பது உள்ளே சுத்தியல் அடித்துப் பிறக்கிற சத்தம், அதில் மோதாமல் ஒலி எழுப்ப நான் எங்கே போவேன் என்று அவரைக் கிண்டல் செய்தேன்.

அதே வாரம்தான் காதுக்குள் சத்தம் தொடங்கியது. சில்வண்டு ஒன்று எங்கோ தூரத்தில் கத்துகிற மாதிரி, மெல்லிசாக, விடாமல். ஜன்னலை மூடினேன், போகவில்லை. காதைப் பொத்தினால் கூடக் கேட்டது.

டாக்டர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று சாயங்காலம் அத்தான் கடையிலிருந்து வந்ததும் அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "வண்டுச் சத்தமா? நல்லாக் கேட்டியா?" என்றார். உள்ளே ஓடிப் போய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்து காட்டினார். உள்ளே நாதம் பிறக்கும்போது முதலில் வண்டுச் சத்தம் கேட்கும், பிறகு மணி, பிறகு சங்கு என்று அதில் வரிசையாகப் போட்டிருந்தது.

"மூணு வருசமா முட்டி ஒடைய உக்காருறேன், எனக்கு ஒரு கொசுச் சத்தம் கேட்டதில்ல. நீ படுத்துக்கிட்டே வாங்கிட்ட. இதை வெளிய சொல்லிறாத. சொன்னா நின்னுபோகும்."

"டாக்டர் வேற மாதிரி சொன்னாரே அத்தான்."

"டாக்டருக்கு நெஞ்சைத் தெரியும். நெஞ்சுக்குள்ள இருக்கிற தாமரை அவருக்கு எப்படித் தெரியும்? நீ எழுதிக்கிட்டிருக்கிறதே அதைத்தான். அதான் அது உனக்குப் பதில் சொல்லுது."

நான் நம்பினேன். முழுசாக நம்பவில்லை, ஆனால் நம்ப ஆசைப்பட்டேன். கல்யாணம் நின்று, வேலை நின்று, தட்டும் டம்ளரும் தனியாகி, எனக்கென்று வந்ததெல்லாம் கெட்டதாகவே வந்துகொண்டிருந்த காலம். ஒரு நல்லது எனக்கும் வந்திருக்கிறது என்று ஒருவர் கண் கலங்கிச் சொன்னால் வேண்டாம் என்று சொல்ல அப்போது எனக்குத் தெம்பில்லை. அடுத்த சனிக்கிழமை டாக்டர், "காது எப்படி இருக்கு?" என்று கேட்டார். நல்லாயிருக்கு என்றேன். அதற்குப் பிறகும் வாராவாரம் கேட்டார், வாராவாரம் அதையேதான் சொன்னேன்.

பிறகு மணிச் சத்தமும் வந்தது. புத்தகத்தில் போட்டிருந்த வரிசையிலேயே வந்தது. அத்தான் எனக்குக் கேட்பதை ஒரு நோட்டில் எழுதிவைக்கத் தொடங்கினார். பொழுது சாயும் நேரத்தில் நடந்தால் தரை ஒருபக்கம் சாய்ந்தது, நான் சுவரில் முட்டிக்கொண்டேன். குண்டலினி மேலேறும்போது அப்படித்தான் இருக்கும் என்றார் அத்தான்.

"அது ஏறுறது இருக்கட்டும். இவ கீழ விழாமப் பாருங்க" என்றாள் அக்காள். அவள் என் நெற்றியில் மஞ்சள் பூசும்போது கையைப் பார்த்தேன். கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று மோதின. சத்தம் கேட்கவில்லை. வளையல் புதுசு போல என்று நினைத்துக்கொண்டேன். இப்படியும் ஒருத்தி நினைப்பாளா என்றால், நான் நினைத்தேன்.

ஐந்தாவதைப் பதினாறு இதழுக்குப் பதினாறு தாளத்தில் எழுதி முடித்தேன். தொண்டைத் தாமரை. அதை வாசித்தபோது எல்லாம் நன்றாகவே கேட்டது, இன்றுவரை எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆறாவதற்கு இரண்டே இதழ். இரண்டு சுரம் மாறி மாறி, ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே ஏற வேண்டும். அந்தச் சனிக்கிழமை ஹாலின் ஜன்னல்களைத் திறந்துவைத்து உட்கார்ந்து வாசித்தேன். பாதி வரை ஏறியது. அதற்கு மேல் கட்டை மட்டும் டக் டக் என்று கேட்டது. அதுவும் கேட்டதோ, விரலில் உணர்ந்ததோ, சொல்லத் தெரியவில்லை. சுரத்தைக் காணோம்.

எலி என்று நினைத்தேன். பிள்ளைகள் ஹாலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், எலி வந்து உள்ளே சுத்தியலில் ஒட்டியிருக்கிற கம்பளியைக் கடித்திருக்கும். ஆத்திரமாக வந்தது. மேல்மூடியைத் திறந்து, ஸ்டூல் மேல் ஏறி உள்ளே பார்த்தேன். கம்பிகள் வரிசையாக, அறுபடாமல் இருந்தன. ஒரு கையால் கட்டையை அழுத்தினேன். சுத்தியல் போய் அடித்துவிட்டுத் திரும்பியது. மறுபடி அடித்துவிட்டு இன்னொரு கையின் விரலை அந்தக் கம்பிமேல் வைத்தேன். கம்பி நடுங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டூலில் இருந்து இறங்கி எல்லா மேல்கட்டைகளையும் ஒவ்வொன்றாக அடித்தேன். உச்சி ஸ்தாயி முழுக்க ஒன்றுமில்லை. என் காதுக்குள் மணி மட்டும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அப்படியே டாக்டரிடம் ஓடினேன். ஓட முடியவில்லை, கால் பின்னியது, கடைத்தெருச் சுவர்களைப் பிடித்துக்கொண்டு போனேன். அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் காதோடு வைத்தார். இந்தக் காதிலும் வைத்தார், அந்தக் காதிலும் வைத்தார். நான் எதுவும் சொல்லாததால் கடிகாரத்தை மேசைமேல் வைத்துவிட்டார்.

"எத்தனை நாளா இரைச்சல்?"

"ஒன்றரை மாசம் இருக்கும் சார்."

"போன வாரம் கேட்டேனே. நல்லாயிருக்குன்னீங்களே."

நாதம் என்று நினைத்தேன் என்றேன். என் வாயாலேயே சொல்லிக் கேட்கும்போது எவ்வளவு கேவலமாக இருந்தது என்று விவரிக்க எனக்கு இன்றும் வார்த்தை வரவில்லை. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஊசியை நிறுத்தி வேறு மாத்திரை எழுதினார். போன காது திரும்பி வராது, இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினாலும் இறங்கும், அது எங்கே நிற்கும் என்று தனக்கும் தெரியாது என்று ஒவ்வொரு வார்த்தையாக, உரக்கச் சொன்னார்.

திருச்சுழி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. இந்த ஊசி மருந்து என் காதை உச்சி ஸ்தாயியிலிருந்து தின்றுகொண்டு இறங்கியிருக்கிறது. நான் கீழிருந்து ஏறியிருக்கிறேன். உச்சியிலிருந்து தொடங்கியிருந்தால் ஆயிரம் இதழையும் கேட்டிருப்பேன். மண்ணும் தண்ணீரும் எங்கே போய்விடும், அவை எனக்கு இப்போதும் கேட்கின்றன.

அத்தானை அன்றைக்கு என்ன சொன்னேன் என்று முழுதும் எழுத மாட்டேன். கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனிதரை வாய்க்கு வந்தபடி பேசினேன். மறுநாள் எழுந்து பார்த்தபோது சுவரில் படம் இல்லை. அதற்குப் பிறகு அவர் பத்மாசனம் போட்டு நான் பார்க்கவும் இல்லை. கடையை விட்டு வரும்போது எனக்கென்று சாத்துக்குடி வாங்கி வருவார், உரித்துச் சுளையைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அவரை நான் பாதிதான் மன்னித்தேன். மீதிப் பாதியை எனக்கு வைத்துக்கொண்டேன்.

நெஞ்சு குணமாகிக்கொண்டு வந்தது. எடை கூடியது, இருமல் நின்றது. பார்க்கிறவர்கள் எல்லாம் தெளிவாகிவிட்டாய் என்றார்கள். குருவிச் சத்தம் போயிற்று, பிள்ளைகளின் பேச்சு போயிற்று. ஆண்கள் குரலும் பஸ் இரைச்சலும் தறியின் கடகடப்பும் மிச்சம் இருந்தன. இனி பாட்டு வகுப்பு எனக்கு இல்லை என்பதைத் தலைமை ஆசிரியை ஒரு தாளில் எழுதிக் காட்டி, கைத்தையல் வகுப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஏழாவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று அக்காள் சொன்னாள். எனக்கு விட மனமில்லை. தறியில் ஏற்றிய பாவைப் பாதியில் அறுத்துப் போடுகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆயிரம் இதழை எழுதுவது எப்படி என்று யோசித்தபோது, ஐம்பது எழுத்து இருபது சுற்று வந்தால் ஆயிரம் இதழ் என்று அத்தான் காட்டிய அந்தப் புத்தகத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. ஐம்பது கட்டத்தில் ஒரு டிசைன், அது இருபது தடவை திரும்ப வர வேண்டும். சேலைக் கரைக்கும் அதுதான் கணக்கு. உச்சி ஸ்தாயியில் மட்டும், அடியில் வேறு எந்தச் சுரமும் தாங்காமல், இரண்டு கையும் நெருங்கி உட்கார்ந்து வாசிக்கும்படி எழுதினேன். முதல் ஐந்தையும் கேட்டுக் கேட்டுத் திருத்தினேன், ஆறாவதைப் பாதிவரையாவது கேட்டேன். இதைத் திருத்த முடியவில்லை. கட்டத்தாளில் பார்க்க மிக அழகாக இருந்தது. நல்ல சேலைக்கு ஓடும் கரை போல இருந்தது. அது பாட்டாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியவேண்டும். அந்த ஒன்றைத் தவிர வேறு எதுவும் எனக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை.

யாரிடம் கேட்பது? பியானோ தெரிந்தவர்கள் வந்தால் பரிதாபப்பட்டு நன்றாக இருக்கிறது என்பார்கள். அத்தானைக் கூப்பிட மாட்டேன். அப்பாவைக் கூப்பிட்டேன். அவருக்குச் சங்கீதம் தெரியாது, பொய்யும் தெரியாது. ஒரு டிசைனில் இழை தப்பியிருந்தால் வாங்க வந்தவர் முன்னாலேயே அதைச் சொல்லிவிடுகிறவர்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தறி செட்டில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, சட்டையெல்லாம் பஞ்சோடு அப்பா வந்தார். ஹாலில் எனக்குப் பக்கத்தில் பெஞ்சு இழுத்துப் போட்டு உட்கார்ந்து கட்டத்தாளை வாங்கி மடிமேல் விரித்துக்கொண்டார். கீழ் வரிசையில் விரலை வைத்துவிட்டு, தொடங்கு என்று தலையசைத்தார்.

வாசித்தேன். என் விரல்கள் ஓடுவதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டை இறங்கியது, ஏறியது. அவ்வளவுதான். நாலாவது சுற்றில் கண்ணை மூடி, கேட்கிற மாதிரி நினைத்துப் பார்த்தேன். மணிச் சத்தம் குறுக்கே வந்தது. கண்ணைத் திறந்து மீதியை எண்ணி எண்ணி முடித்தேன். இருபதாவது சுற்று முடிந்து கையை எடுத்தபோது அப்பாவின் விரல் தாளின் மேல் வரிசையில் நின்றது.

"கண்ணெடுக்காமப் பாத்தேன் தாயி. அம்பது கட்டம், இருவது தடவ. ஒன்னுகூடத் தப்பல" என்றார். அவர் குரல் எனக்கு நன்றாகவே கேட்டது.

"தப்பாதுன்னு தெரியும்ப்பா. கேக்க எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லுங்க."

அப்பா தாளை நாலாக மடித்தார். மறுபடி பிரித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எப்படி இருந்தாலும் சொல்லுங்க. நல்லா இல்லைன்னாலும் சொல்லுங்க."

"செட்டுக்குப் போயி எட்டு வருசமாச்சு" என்றார். "நாப்பது தறிக்கு நடுவுல நின்னு நின்னு, கீச்சுச் சத்தம் எதுவும் எனக்குக் கேக்கிறதில்ல. உனக்கு மாப்பிள பாத்துக்கிட்டிருந்தோம், செவிட்டுக் குடும்பம்னு பேராகிறக் கூடாதேன்னு ஒருத்தர்ட்டயும் சொல்லல. நீ முத ஆறையும் வாசிச்சிருந்தா கேட்டிருப்பேன். இது ரொம்ப மேல இருக்கு தாயி."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கோபம் வந்தது.

"பெறகு எதுக்கு வந்தீக?"

"நீ கூப்பிட்ட" என்றார் அப்பா.

வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார். பள்ளிக்கூடத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒருவரும் இல்லை. ஏழாவது தாமரையை ஒரு தப்பும் இல்லாமல் கடைசிவரை வாசித்து முடித்திருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை.